பலருள் ஒருவர்: பறவூர் கண்ட வாக்குப் பலகை

கொச்சி ராஜ்யத்தின் அரச குடும்பம் வாழ்ந்த திருப்பூணித்துறையில், பூர்ணத்ரயீசர் கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் அவற்றை அடுத்த மாளிகைகளிலும் பல தலைமுறைகளாக நிலைபெற்றிருந்த நியதி ஒன்று உண்டு. தாய்வழி மரபில் வந்த அப்பெருங்குடும்பத்தின் ஆடவர்களுள் வயதால் மூத்தவர் எவரோ, அவரே சிம்மாசனம் ஏறுவார். அறிவு, ஆற்றல், பிரஜைகளின் அபிமானம் என்பனவற்றுள் எதுவும் அங்கே கணக்கில் சேராது. பிறந்த நாழிகை ஒன்றே பேசும். அதன் பயனாக முதுமையில் பட்டத்துக்கு வந்து, சில ஆண்டுகளே ஆண்டு மறைந்த மன்னர்கள் பலர். 1941 முதல் 1949 வரையிலான குறுகிய காலத்தில் மட்டும் நால்வர் அந்த ஆசனத்தில் அமர்ந்தனர். தேர்வு என்பதே இல்லாத ஏற்பாடு அது. ஆகையால் தேர்வில் பிழை நேர்வதற்கும் அதில் இடமில்லை.

அந்த ராஜ்யத்திலேயே 1925-ஆம் ஆண்டில் 45 அங்கத்தினர் கொண்ட சட்டசபை ஒன்று கூடியது. அவர்களுள் 30 பேர் ஜனங்களால் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். சொத்தும் கல்வியும் உடையோர்க்கே அன்று வாக்குரிமை இருந்ததெனினும், பலர் முன்வந்து நிற்க அவர்களுள் ஒருவரைப் பிரஜையே தேர்ந்துகொள்ளும் வழக்கம் அவ்வழியாகக் கொச்சி மண்ணில் வேரூன்றிற்று. 1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இணைந்தன. பின்னர்க் குடியரசின் சாசனம் வந்து வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையை வழங்கிற்று. மூப்பின் இடத்தைத் தேர்வு பிடித்துக்கொண்டது.

இக்கட்டுரையின் விஷயம் அரசியல் அன்று. பல பெயர்களை ஒருங்கே காட்டி, அவற்றுள் ஒன்றை, ஒன்றை மட்டுமே, ஒருவன் தேரும்படி செய்யும் பலகையை மனிதர் எங்ஙனம் அமைத்தனர் என்பதே விஷயம். கணிப்பொறித் திரையில் படிவங்களை வகுப்போர்க்கு இது அன்றாடத் தொழில். வகுப்பைத் தேர்க, ஊரைத் தேர்க, மொழியைத் தேர்க என்று திரை கேட்கும் இடங்களிலெல்லாம் அவர்கள் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் இக்கேள்விக்கு நம் தேசத்தில் முதன்முதலாக மின்யந்திரத்தின் வாயிலாக விடை காண முயன்ற இடம், திருப்பூணித்துறைக்கு வடக்கே, இதே எறணாகுளம் ஜில்லாவில் உள்ள பறவூர் என்பதையும், அம்முயற்சி சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று தோற்றுப் பின்பு வென்றது என்பதையும் அத்தொழிலினர் பலர் அறியார். ஒன்றையே தேர வேண்டும் என்ற விதியைத் தேர்பவனுடைய கவனத்திடம் ஒப்படைக்காமல் பலகையின் அமைப்பே காத்தல் வேண்டும் என்பதும், அவ்வாறு காக்கும் பலகைக்கும் சட்டத்தின் சம்மதமும் ஜனங்களின் நம்பிக்கையும் வேண்டும் என்பதும் என் துணிபு. அதற்குச் சான்றாகவே இவ்வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறேன்.

தமிழர்க்கு இவ்விடத்தில் உத்தரமேரூர் நினைவுக்கு வருதல் இயல்பே. பராந்தக சோழனின் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்ச் சாசனங்கள், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையை விரிவாகச் சொல்கின்றன. பெருமைக்குரிய சாசனங்களே. எனினும் அங்கே தேர்ந்தது தற்செயலேயன்றி மனிதனுடைய விருப்பம் அன்று. ஆதலால் நம் விஷயத்துக்கு அது முன்னோடியாகுமே தவிர உதாரணம் ஆகாது.

குடியரசின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-இல் நிகழ்ந்தபோது, தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் முன் இருந்த சங்கடம் மிகப் பெரிது. வாக்காளரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். பெயர்களை அச்சிட்டுக் கொடுத்தால் அதைப் படிப்பார் யார்? ஆகவே ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனியே ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டி, வாக்காளர் தம் கையிலுள்ள சீட்டைத் தமக்கு உகந்த பெட்டியில் போடும்படி விதித்தனர். சீட்டில் அபேட்சகர் பெயரே இராது. சீட்டு விழுந்த இடமே தேர்வு. ஒற்றைத் தேர்வு என்னும் விதி எவ்வளவு எளிதாக இதில் காக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு சீட்டு ஒரே சமயத்தில் இரண்டு பெட்டிகளில் இருக்க இயலாது. ஆகையால் ஒருவன் இருவர்க்கு வாக்களித்தல் என்னும் பிழை இம்முறையில் பிறக்கவே வழியில்லை. பொருளின் இயற்கையே விதியைக் காத்தது.

அதே காலத்தில் இரட்டை அங்கத்தினர் தொகுதிகளும் இருந்தன. 1957-இல் கேரள சட்டசபையின் 114 தொகுதிகளில் 12 அத்தகையவை. அங்கே வாக்காளர்க்கு இரண்டு சீட்டுகள் கொடுக்கப்பட்டன. இரண்டையும் ஒரே பெட்டியில் இடலாகாது என்பது விதி. இந்த விதியைப் பெட்டி காக்கவில்லை; வாக்காளருடைய நினைவே காக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தேர்வதற்கும் இரண்டைத் தேர்வதற்கும் இடையே உள்ள தூரம், எண்ணிக்கையில் ஒன்றேயாயினும், அமைப்பில் மிகப் பெரிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1961-இல் இரட்டைத் தொகுதிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன.

பெட்டிமுறைக்கு வேறு குறைகள் இருந்தன. அபேட்சகர் பெருகப் பெருகப் பெட்டிகள் பெருகின. தேசமெங்கும் அவற்றைச் செய்வதும் சுமப்பதும் காப்பதும் பெரும் பாரமாயின. சீட்டைப் பெட்டிக்குள் இடாமல் அதன்மேல் வைத்துவிட்டுப் போவோரும், சீட்டை மறைத்து வெளியே கொண்டு சென்று விற்போரும் உண்டாயினர். ஆகவே எல்லா அபேட்சகர்களின் பெயரும் சின்னமும் ஒரே தாளில் அச்சாகி, வாக்காளர் தமக்கு வேண்டியவருக்கு நேரே முத்திரை குத்தி, அனைவரும் ஒரே பெட்டியில் இடும் முறை வந்தது. இம்முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதும் கேரளத்தில்தான். 1959-இல் மந்திரிசபை நீக்கப்பட்ட பின் 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி நடைபெற்ற இடைக்காலத் தேர்தலில் கேரளத்தாரும், அடுத்த ஆண்டில் ஒரிஸ்ஸாக்காரரும் தாளில் குறியிட்டு வாக்களித்தனர். 1962 முதல் நாடெங்கும் அது பரவிற்று.

பெட்டிமுறையிலிருந்து தாள்முறைக்கு மாறியபோது பெற்றதும் பெரிது, இழந்ததும் பெரிது. இதுகாறும் இடத்தால் நிகழ்ந்த தேர்வு, இப்போது குறியால் நிகழத் தொடங்கிற்று. தாளில் பலர் பெயர் உண்டு. முத்திரையோ எத்தனை முறை வேண்டுமாயினும் குத்தத்தக்கது. ஒருவன் இருவர்க்கு நேரே குத்தினால், அல்லது இருவருடைய கட்டங்களுக்கு நடுவே குத்தினால், என் செய்வது? அதற்காகவே 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் செல்லாச் சீட்டு எது, செல்லும் சீட்டு எது என்று வகுத்துரைத்தன. ஒருவர்க்கு மேற்பட்டோர்க்குக் குறியிட்ட சீட்டு செல்லாது. குறி தெளிவற்றிருப்பினும், இன்னாருக்கே வாக்களிக்க எண்ணினான் என்பது சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் விளங்குமாயின் அதைத் தள்ளலாகாது. எவ்வளவு கருணை நிறைந்த விதி! ஆயினும் அக்கருணையை நடத்தி வைக்கும் பொறுப்பு, நள்ளிரவில் தாள்களைப் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கும் உத்தியோகஸ்தரிடமும், அவரைச் சுற்றி நின்று வாதாடும் ஏஜெண்டுகளிடமும் வந்து சேர்ந்தது. பலகை காக்க வேண்டிய விதியை மனிதர் தர்க்கத்தால் காக்க வேண்டியதாயிற்று.

தாளின் அமைப்பாளர் இயன்றவரை முயன்றனர் என்பதையும் சொல்லுதல் நியாயம். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நிழலிட்ட வெளியை அமைத்தனர். முத்திரையின் வடிவையும் நுட்பமாகத் தேர்ந்தனர். அம்புமுனை கொண்ட நான்கு கைகள் ஒரே திசையில் திரும்பியிருக்கும் அக்குறியை நம்மில் முதியோர் அறிவர். ஈரமான மையோடு தாளை மடித்தால் குறி எதிர்ப்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டிய குறியின் கைகள் மறுதிசையில் திரும்பியிருக்குமாதலால், எது இட்ட குறி, எது படிந்த குறி என்று எண்ணுவோர் உடனே பிரித்தறியலாம். பெருக்கல் குறியோ வட்டமோ ஆயின் இந்தப் பகுத்தறிவு வாய்த்திராது. இவ்வளவு சிறிய ரப்பர்க் கட்டையில் இவ்வளவு பெரிய யோசனையை அடக்கிய அந்தச் சிற்பிகளைப் போற்றாதிருக்க இயலவில்லை.

இந்தியா தாளில் முத்திரை குத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேறொரு தேசத்தில், வேறொரு தேவைக்காக, இதே கேள்விக்கு வேறு விடை உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஐ.பி.எம். நிறுவனம் 1971-இல் 3270 என்னும் வரிசையைச் சேர்ந்த திரை முனையங்களை வெளியிட்டது. அத்திரையில் படம் கிடையாது. எழுத்தும் எண்ணுமே உண்டு. அவ்வகையில் பெருவழக்குப் பெற்ற திரை 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்டது. பாங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும் தம் கணக்குகளையெல்லாம் அந்த 1,920 எழுத்துகளுக்குள் அடக்கிக்கொண்டன. திரையின் சில பகுதிகள் எழுத்து மாற்றவொண்ணாதபடி பூட்டப்பட்டிருக்கும். சில பகுதிகள் மட்டும் குமாஸ்தா எழுதுவதற்குத் திறந்திருக்கும். அவர் எழுதி முடித்து 'என்டர்' விசையைத் தட்டிய பிறகே எழுதியதெல்லாம் ஒருங்கே பெரிய கணிப்பொறிக்குச் செல்லும்.

சுட்டி என்னும் கருவியும் வட்டப் பொத்தான்களும் இல்லாத அத்திரையில், பலவற்றுள் ஒன்றைத் தேரச் செய்வது எப்படி? 1987-இல் ஐ.பி.எம். தன் திரைகளுக்கெல்லாம் பொதுவான இலக்கணம் ஒன்றை வகுத்தபோது இதற்குக் கூறிய விடை மிக அழகியது. தேர்வுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என எண் இடுக; முதல் தேர்வுக்கு இடப்புறத்தில் ஒரே ஓர் எழுதுமிடம் விடுக; பயன்படுத்துவோர் அதில் தமக்கு வேண்டிய எண்ணை எழுதுக. எழுதுமிடம் ஒன்றேயாதலால் அதில் ஒரு விடையே இருத்தல் கூடும். பல தேர்வுகளை ஏற்கும் படிவமாயின், ஒவ்வொரு தேர்வின் முன்னும் தனித்தனி இடம் விட்டு, வேண்டியவற்றுக்கெல்லாம் சாய்கோடு இடச் சொல்க. படிப்பவர் ஒரு சொல்லும் படியாமலே, எண்ணைக் கண்டால் ஒன்று என்றும், தனித்தனி இடங்களைக் கண்டால் பல என்றும் அறிந்துகொள்வார். அவ்வமயம் கிட்டாத தேர்வை மறைத்துவிடாமல், அதன் எண் நிற்கும் இடத்தில் உடுக்குறி இட்டுக் காட்டுவதும் அவ்விலக்கணத்தில் உண்டு. தேர்வு இருக்கிறது, ஆனால் இப்பொழுது உமக்கில்லை என்று சொல்லும் மரியாதை அது.

1952-இன் பெட்டியையும் இந்த எழுதுமிடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு சீட்டு இரண்டு பெட்டிகளில் விழாது என்ற தத்துவமே, ஓர் இடத்தில் இரண்டு எண்கள் நில்லா என்று உருமாறி வந்திருப்பது புலப்படும். படத்திரைகள் வந்த பின், பழைய மோட்டார் வண்டி ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பு அழுந்தியிருந்த மற்றது தானே வெளிவரும் ஏற்பாட்டைப் பின்பற்றி, வட்டப் பொத்தான்களை வகுத்தார்கள். அங்கும் தத்துவம் ஒன்றுதான். ஆனால் ஒரு பேதம் உண்டு: அந்த வட்டங்களில் ஒன்றை ஒருமுறை தேர்ந்துவிட்டால், வேறொன்றுக்கு மாறலாமேயன்றி, எதுவும் வேண்டாம் என்ற பழைய நிலைக்குத் திரும்புதல் பெரும்பாலும் இயலாது. எண் எழுதும் இடத்திலோ, எழுதியதை அழித்தால் போதும். இந்த வித்தியாசத்தைப் பின்னர் ஓரிடத்தில் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இனிப் பறவூருக்கு வருவோம். 1977-இல் தலைமைத் தேர்தல் கமிஷனராயிருந்த எஸ்.எல். ஷக்தர், வாக்குப்பதிவை மின்யந்திரத்தால் நடத்துவதற்கு வழியுண்டா என்று ஆராயுமாறு ஹைதராபாத்திலுள்ள எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனைக் கேட்டார். 1979-இல் முன்மாதிரி ஒன்று உருவாகி, 1980 ஆகஸ்டில் அரசியல் கட்சிப் பிரதிநிதிகளுக்குக் காட்டப்பட்டது. அதே 1980-இல் எம்.பி. ஹனீஃபா என்பவர் தாம் அமைத்த வாக்கு எண்ணும் மின்யந்திரத்துக்குச் சென்னையில் காப்புரிமை கோரினார். அவருடைய யந்திரம் தமிழ்நாட்டின் ஆறு நகரங்களில் அரசாங்கப் பொருட்காட்சிகளில் ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் 1981-இல் இப்பணியில் சேர்ந்தது. அந்நிறுவனத்தில் எஞ்சினீயராயிருந்து வாக்கு யந்திர வேலையை மேற்பார்த்தவர் எஸ். ரங்கராஜன்; தமிழ் வாசகர் நெஞ்சில் சுஜாதாவாக வாழ்பவர். பல்லாயிரம் பக்கங்களில் சொற்களைக் கொண்டு செய்த சேவை ஒருபுறமிருக்க, சொல்லே அறியாத பாமரனும் ஒரு விரலால் தன் எண்ணத்தைத் தெரிவிப்பதற்கு அவர் செய்த சேவையை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் குறை.

அந்த யந்திரம் இரண்டு பெட்டிகளால் ஆனது. ஒன்று வாக்குச் சாவடித் தலைமை உத்தியோகஸ்தரின் மேசைமேல் இருக்கும். மற்றது திரைமறைவில், வாக்காளர் முன்னே இருக்கும். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். திரைமறைவிலுள்ள பலகையில் அபேட்சகர்களின் பெயரும் சின்னமும் வரிசையாக அமைந்து, ஒவ்வொருவர்க்கும் நேரே ஒரு விளக்கும் ஒரு நீலப் பொத்தானும் இருக்கும். உத்தியோகஸ்தர் தம் பெட்டியில் உள்ள விசையை அழுத்தி அனுமதித்தாலன்றி அப்பலகை உயிர் பெறாது. உயிர் பெற்றதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு எரியும். வாக்காளர் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் அதற்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்து, நீண்ட ஒலி ஒன்று எழும். அக்கணமே பலகை பூட்டிக்கொள்ளும். பிறகு மற்றப் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினாலும் பயனில்லை. அடுத்த வாக்காளர்க்காக உத்தியோகஸ்தர் மீண்டும் அனுமதித்தால்தான் அது விழிக்கும்.

இவ்வமைப்பின் நுட்பத்தை நிதானமாக எண்ணுதல் தகும். ஒரு பலகையில் பதினாறு பேர்க்கு இடமுண்டு. அபேட்சகர் குறைவாயின் எஞ்சிய பொத்தான்கள் அழுத்தவொண்ணாதபடி மூடப்படும். எழுத்துத் திரையில் உடுக்குறி செய்த வேலையை இங்கே மூடி செய்கிறது. திரைப் படிவங்களில் முன்கூட்டியே ஒரு விடையை நிரப்பி வைப்பது குமாஸ்தாவின் சிரமத்தைக் குறைக்கும் உபகாரம். வாக்குப் பலகையிலோ அப்படி ஒன்றை முன்கூட்டிக் காட்டுவது மகா பாதகம். ஆகையால் எந்த விளக்கும் எரியாத வெறுமையே அதன் தொடக்க நிலை. தாளில் இருந்த செல்லாச் சீட்டு என்னும் இனமே இதில் அழிந்தது. இருவர்க்குக் குறியிடுதல் இயலாது. கட்டங்களுக்கு நடுவே குறியிடுதலும் இயலாது. பெட்டிமுறையில் இருந்து தாள்முறையில் இழந்த காவல் திரும்பக் கிடைத்தது.

ஆனால் ஒன்று குறைந்தது. எழுத்துத் திரையில் எண்ணை எழுதுவது ஒரு செயல். 'என்டர்' தட்டுவது மற்றொரு செயல். இரண்டுக்கும் நடுவே மனம் மாற இடமுண்டு. நம் யந்திரத்தில் தேர்தலும் உறுதி செய்தலும் ஒரே அழுத்தலில் முடிந்துவிடுகின்றன. பிரேசில் தேசம் 1996-இல் கொண்டுவந்த யந்திரம் இதற்கு நேர் எதிரானது: வாக்காளர் அபேட்சகரின் எண்ணை விசைகளில் தட்டுகிறார்; திரையில் அவருடைய படம் தோன்றுகிறது; சரியெனில் பச்சை விசை, பிழையெனில் ஆரஞ்சு விசை, எவரும் வேண்டாமெனில் வெள்ளை விசை. எழுத்துத் திரையின் எண் முறையே அங்கே வாக்குச் சாவடிக்குள் நுழைந்துவிட்டது எனலாம். இரண்டையும் ஒப்பிட்டு நெடுநேரம் யோசித்த பிறகும் நம்முடையதே நம் நாட்டுக்கு ஏற்றது என்று கருதுகிறேன். எண்ணை நினைவில் கொள்ள வேண்டாம். திரையைப் படிக்க வேண்டாம். சின்னத்தைக் கண்டு விரலை வைத்தால் போதும். கைதவறி அழுத்தியவனுக்கு மீட்சி இல்லை என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. அது சிறிய விலை அன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1982 மே 19-ஆம் தேதி கேரள சட்டசபைத் தேர்தல். பறவூர்த் தொகுதியின் 50 வாக்குச் சாவடிகளில் யந்திரமும் மற்றவற்றில் தாளும் என்று கமிஷன் உத்தரவிட்டது. அங்கே காங்கிரஸ் அபேட்சகராக நின்றவர் ஏ.சி. ஜோஸ். அவ்வாண்டின் தொடக்கத்தில் சட்டசபை இரு பாதியாகப் பிரிந்து சமபலத்தோடு நின்றபோது, சபாநாயகராயிருந்து தம்முடைய காஸ்டிங் வோட்டாலேயே கருணாகரன் மந்திரிசபையைப் பல தடவை காப்பாற்றியவர். ஒரே ஒரு வாக்கு ஒரு ராஜ்யத்தைத் தாங்கும் என்பதை அவரைப்போல் அறிந்தார் வேறு எவருமிலர். அவரை எதிர்த்து நின்ற கம்யூனிஸ்டு அபேட்சகர் என். சிவன் பிள்ளை, யந்திரம் சட்டத்துக்கு முரணானது என்று தேர்தலுக்கு முன்பே ஹைகோர்ட்டை அணுகி, வெற்றி பெறாமல் திரும்பியவர்.

முடிவு வந்தது. யந்திரத்தை ஆட்சேபித்த சிவன் பிள்ளைக்கு 30,450 வாக்குகள், ஜோஸுக்கு 30,327. வித்தியாசம் 123. சிவன் பிள்ளை பெற்றவற்றுள் 19,182 வாக்குகள் யந்திரத்தில் பதிவானவை, 11,268 தாளில் பதிவானவை. இப்பொழுது வழக்குத் தொடுத்தவர் ஜோஸ்! யந்திரத்தை எதிர்த்தவர் அதன் துணையால் வென்றிருக்க, தோற்றவர் அதை எதிர்க்கத் தொடங்கினார். ஹைகோர்ட்டு அவர் வழக்கைத் தள்ளிற்று. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். 1984 மார்ச் 5-ஆம் தேதி நீதிபதி பஸல் அலி முதலியோர் அடங்கிய நியாயஸ்தலம் தீர்ப்புக் கூறிற்று. யந்திரம் பழுதானது என்று அவர்கள் சொல்லவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் அதன் விதிகளும் வாக்குச் சீட்டையே மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தேர்தலை நடத்தும் பொது அதிகாரத்தைச் சாசனத்தின் 324-ஆம் ஷரத்து கமிஷனுக்கு அளித்திருப்பினும், சட்டம் வெளிப்படையாக ஒரு முறையை வகுத்திருக்கும் இடத்தில் அதை விலக்கி வேறு முறையைப் புகுத்த அந்த அதிகாரம் இடந்தராது என்பதே தீர்ப்பின் சாரம். யந்திரம் வைத்திருந்த 50 சாவடிகளிலும் 1984 மே மாதம் தாளில் மறுவாக்குப் பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார்.

இத்தீர்ப்பைப் பின்னோக்கிய தீர்ப்பு என்று சிலர் எண்ணுவதுண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு பலகை எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், அதன் வாயிலாக வெளிவரும் விடையை யார், எந்த அதிகாரத்தால் ஏற்கின்றனர் என்பது தனிக் கேள்வி. பறவூர் யந்திரம் முதல் கேள்விக்கு விடை கண்டது. இரண்டாவதற்கு விடை காண ஜனப்பிரதிநிதிகளின் சபை கூட வேண்டியிருந்தது. 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, 61-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் அமுலுக்கு வந்தது. 1990-இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கென அமைந்த கோஸ்வாமி கமிட்டியின் சார்பில் யந்திரத்தை ஆராய்ந்த நிபுணர்களுள், முன்னர்ச் சென்னை ஐ.ஐ.டி.யின் டைரக்டராயிருந்த பி.வி. இந்திரேசனும் ஒருவர், அவர்கள் அதற்கு ஆதரவாகவே கருத்துரைத்தனர்.

இதனிடையே தாள்முறை தன் எல்லையைத் தமிழ்நாட்டில் கண்டது. 1996 சட்டசபைத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில், தம் குறைகளை அரசாங்கம் செவிமடுக்கவில்லை என்று மனம் நொந்த விவசாயிகள் பெருந்திரளாக மனுச் செய்ய, அபேட்சகர் எண்ணிக்கை 1,033 ஆயிற்று. வாக்குச் சீட்டு புத்தகமாக அச்சாயிற்று, தேர்தலும் தள்ளிவைக்கப்பட்டது. ஓராயிரம் பெயர்களுள் தன் சின்னத்தைத் தேடி ஏடு புரட்டிய வாக்காளரின் அவஸ்தையை எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வுகள் இருபத்துநான்கு வரிகளைத் தாண்டினால் எழுத்துத் திரையும் இதே அவஸ்தையைத் தருவதே. ஆகையால் தேர்ந்த அமைப்பாளர் நீண்ட பட்டியலை ஒற்றைத் தேர்வுப் படிவமாக வகுக்கத் துணியார். இங்கே பரிகாரம் பலகையின் வழியாக வரவில்லை. அவ்வாண்டே சட்டசபை அபேட்சகரின் டிபாஸிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விவசாயிகளின் குறையை அத்தொகை தீர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் மஞ்சள் விவசாயிகள் அதே வழியைப் பின்பற்றி, 185 அபேட்சகர் நின்றபோது, சாவடிதோறும் பன்னிரண்டு பலகைகளை வரிசையாகக் கோத்துத் தேர்தல் நடத்தப்பட்டது.

2001-இல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்காளம் ஆகியவற்றின் சட்டசபைத் தேர்தல்கள் முழுவதும் யந்திரத்தில் நடந்தன. 2004-இல் பார்லிமெண்டுத் தேர்தலும் அவ்வாறே. வட்டப் பொத்தான்களில் எதுவும் வேண்டாம் என்ற நிலைக்குத் திரும்ப இயலாது என்று மேலே சொன்ன விஷயத்துக்கு இங்கே இடம் வருகிறது. எவரும் வேண்டாம் என்பவன் தாளை வெறுமையாக மடித்துப் பெட்டியில் இட்டு வந்தான். அவன் எண்ணம் ரகசியமாகவே இருந்தது. யந்திரத்திலோ, ஒரு பொத்தானை அழுத்தாமல் வாக்குப்பதிவு முடியாது, அழுத்த மறுத்தால் உத்தியோகஸ்தர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார், ரகசியம் போயிற்று. ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும் என்று பலகை வற்புறுத்துமாயின், எதுவுமில்லை என்பதையும் ஒரு தேர்வாக அப்பலகையிலேயே வைத்தாக வேண்டும். 2013 செப்டம்பர் 27-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதையே கட்டளையிட்டது. நோட்டா என்னும் பொத்தான் பட்டியலின் இறுதியில் இடம் பெற்றது. திரை வகுப்போரில் எத்தனையோ பேர் இன்றும் இந்த ஒரு வரியைத் தம் படிவங்களில் சேர்க்க மறந்து, தமக்குப் பொருந்தாத ஒன்றைத் தேர்ந்துவிட்டுப் போகும்படி ஜனங்களை நிர்ப்பந்திக்கின்றனர். ஒரு தேசத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் அரசியல் சாசன உரிமையாக மதித்த விஷயம் அது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

யந்திரத்தின் மேல் எழுந்த ஐயங்களுக்கு விடையாக, தேர்ந்த பெயரையும் சின்னத்தையும் தாளில் அச்சிட்டுக் கண்ணாடி வழியே ஏழு விநாடி காட்டி, பிறகு பெட்டிக்குள் விழச் செய்யும் கருவி 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் வைக்கப்பட்டு, 2019-இல் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. நீர் தேர்ந்தது இதுவே என்று பலகை திருப்பிச் சொல்லும் மரியாதை இவ்வாறு நிறைவுற்றது. 2021-இல் திருப்பூணித்துறைத் தொகுதியின் முடிவு 992 வாக்கு வித்தியாசத்தில் நிர்ணயமாயிற்று. முன்பு பறவூரில் 123. ஒவ்வொரு விரலும் கணக்கில் வரும் ஊர்கள் இவை. ஆகையால் வாசகரிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை திரைமறைவுக்குள் நிற்கும்போது, பொத்தானை அழுத்தியவுடன் அவசரப்பட்டு வெளியேறாமல், சிவப்பு விளக்கு எங்கே எரிகிறது என்று பார்த்து, அந்த ஏழு விநாடியும் நின்று, சீட்டில் உள்ள சின்னம் தாங்கள் தேர்ந்ததுதானா என்று சரிபார்த்த பின்பே வெளியே வாருங்கள்.